குறட்டைப் பஞ்சாயத்து

காத்திருந்த இடத்திலேயே கணவரின் தோளில் சாய்ந்து அசந்துவிட்ட டீச்சரம்மாவை, "எந்திரி, நம்மளைத்தான் கூப்பிடறாங்க" என்று அவர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்துவிட்டாள். "ராத்திரி பூரா இவர் விடற குறட்டையில நான் எங்க டாக்டர் தூங்கறது? அதான் பாடம் நடத்தும்போதே எனக்குக் கண்ணு சொக்குது. கேட்டா, 'நானா? குறட்டையா?'ன்னு சாதிக்கிறார்!"

"அதுக்குத்தானே இவரை விரல்ல மாட்டிக்கிட்டுத் தூங்கச் சொல்லி, மூச்சு விடறதைக் கண்காணிக்கிற இந்த க்ளிப்பைக் கொடுத்து அனுப்பினேன்" என்ற டாக்டர், அதில் பதிவானதைக் கம்ப்யூட்டரில் பார்த்தார். முகம் மாறியது.

"வெறும் குறட்டை இல்லம்மா. தூக்கம் ஆழமாகப் போறப்பல்லாம் மூச்சு அடைச்சு அடைச்சு நிக்குது. அப்படியே விட்டா ஆபத்து. இனிமே மூச்சு மெஷினோட மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கணும்."

"கேட்டுக்கிட்டீங்களா? இப்பவாவது ஒத்துக்கறீங்களா?" டீச்சரம்மாவுக்கு ஜெயித்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எப்போதும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வரும் மனுஷர், அளவெடுக்க நர்ஸ் மாஸ்க்கோடு தன் மூக்கருகே வந்தபோது, மெல்ல மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அளவை இவளுக்கு எடுங்கம்மா. ரிப்போர்ட் சுத்தமா வரட்டும்னு, நேத்து இவ தூங்கினதும் க்ளிப்பை இவ விரல்லதான் மாட்டினேன். முழிக்கறதுக்கு முன்னாடி கழட்டி நான் போட்டுக்கிட்டேன்."