அழித்தது யார்?

"சார், இன்னிக்கும் அழிச்சிட்டா! மொத்தத்தையும் அழிச்சிட்டா!"

கோபி போட்ட சத்தத்தில், ஜாதகம் அச்செடுக்க வந்திருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

பரசுராமன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். திருவண்ணாமலை தேரடித் தெருவில் இருபது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர், காலத்தோடு ஒத்துப்போய் அதைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியிருந்தார். நெட்வொர்க்கிங் படிக்கிற பிள்ளைகள் கட்டளைகளை அடித்துப் பழகுவதற்காகச் சென்னையிலிருந்து இரண்டு பழைய ரௌட்டர்கள் வாங்கிப் போட்டிருந்தார். அவற்றைத் தூசி தட்டுவது தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

"யாருப்பா அழிச்சது?"

"வேற யாரு சார், நூரைன்தான்! ஆளுக்கு ஒரு ரௌட்டர்னு நீங்கதானே பிரிச்சுக் கொடுத்தீங்க? நான் மூணு மணிக்கு முடிச்சிட்டுப் போறேன். அப்புறம் அவ வர்றா. மறுநாள் வந்து பாத்தா, நான் டைப் பண்ணதுல ஒரு வரி கூட இல்ல. அவளோடது மட்டும் அப்படியே இருக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"பூட்டு கீட்டு போட முடியாதா?"

"நேத்து பாஸ்வேர்டு போட்டுட்டுத்தான் போனேன். இன்னிக்கு அதுவும் இல்ல. பாஸ்வேர்டையே உடைச்சிருக்கா சார், பலே கில்லாடி!"

தன் மேல் சந்தேகப்படுகிற வழக்கம் கோபிக்குக் கிடையாது. சர்டிபிகேட் பரீட்சையில் போன தடவை கோட்டை விட்டபோதுகூட, "எல்லாம் சரியாத்தான் அடிச்சேன், அந்த கம்ப்யூட்டர் கோளாறு" என்று ஊர் முழுக்கச் சொன்னவன். வருகிற வெள்ளிக்கிழமை சென்னையில் மறுபடியும் பரீட்சை. தேறினால் அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை தயார். தவறினால் கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் உரக்கடை. இதுதான் கடைசி என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

நூரைன் வந்ததும் பஞ்சாயத்து தொடங்கியது.

"நான் உங்க ரௌட்டரைத் தொட்டதே இல்ல அண்ணா."

"அப்போ அது தானா அழிஞ்சிடுச்சா?"

அவள் அவனுடைய திரையை எட்டிப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் அண்ணா, நீங்க முடிக்கறப்போ..."

"எனக்குப் பாடம் நடத்தாதே! நீ சேந்து மூணு மாசம்கூட ஆகல. நான் ரெண்டு வருஷமா படிக்கிறேன், தெரியுமா?"

இதையும் அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

பரசுராமனுக்குச் சங்கடமாக இருந்தது. "பரீட்சை முடியற வரைக்கும் நீ வர வேணாம்மா. பாவம், அவனுக்கு இது வாழ்க்கைப் பிரச்னை."

அவளுக்கும் அடுத்த மாதம் பரீட்சை இருந்தது. பழகிப் பார்க்க ஊரில் வேறு ரௌட்டரும் இல்லை. சரிங்க சார் என்று நோட்டை எடுத்துக்கொண்டாள். கோபி அதற்குள் முதல் வரியிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தான். அவள் எப்போது போனாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வந்து பார்த்தால், ஆச்சரியம்! முந்தின நாள் அடித்தது அத்தனையும் அப்படியே இருந்தது. அவள்தான் இல்லையே, இனிமேல் பாஸ்வேர்டு எதற்கு என்று அதைக்கூட அவன் போடவில்லை. அதற்கடுத்த நாளும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

"பாத்தீங்களா சார்? அவ வரல, எதுவும் அழியல. நான் சொன்னா சொன்னதுதான்!"

பரசுராமன் 'ம்' என்றதோடு சரி. டீக்கடையில், சைக்கிள் ஸ்டாண்டில், எதிர்ப்பட்ட நண்பர்களிடத்தில் எல்லாம் கோபிக்குத் தன் துப்பறியும் திறமையைச் சொல்லி மாளவில்லை.

வியாழக்கிழமை பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊர் ஊராக ஜனம் திருவண்ணாமலைக்குள் வந்து இறங்கிக்கொண்டிருக்க, கோபி மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினான். போகிற வழியில் சென்டருக்குள் தலையை நீட்டினான்.

"போயிட்டு வரேன் சார். இந்தத் தடவை அடிச்சுத் தூள் கிளப்பிடுவேன். ஆங், அந்தப் பொண்ணை மறுபடியும் வரச் சொல்லுங்க. பாவம், சின்னப் பொண்ணு. நான் மன்னிச்சிட்டேன்."

"மன்னிக்கறது இருக்கட்டும். இதைப் படிச்சுக்கிட்டே பஸ்ல போ."

பரசுராமன் நீட்டிய துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி இருந்தது.

"இது சேவ் பண்றதுக்கு அடிக்கறது சார். இதை எதுக்கு...?"

"நீ இதை அடிக்கறதே இல்லையாமே? அடிக்காம விட்டா, சாயங்காலம் நான் மெயின் சுவிட்சை அணைச்சதும் நீ பண்ணதெல்லாம் போயிடுமாம். பாஸ்வேர்டும் சேந்துதான் போகுமாம். பரீட்சையிலயும் அப்படித்தானாம். சேவ் பண்ணலேன்னா, எவ்வளவு சரியா அடிச்சிருந்தாலும் மார்க் கிடையாதாம்."

கோபி சீட்டை மறுபடி படித்தான். போன தடவை பரீட்சையில் அந்த வரியை அடித்தோமா என்று யோசித்துப் பார்த்தான். அடிக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ... இந்த மூணு நாளா எதுவும் அழியலையே சார்?"

"கடையைச் சாத்தறதுக்கு முன்னாடி உன் ரௌட்டர்ல தினமும் இதை நான்தான் அடிச்சேன்."

"ரௌட்டரைப் பத்தி உங்களுக்கு எப்படி சார்...?"

"எனக்கென்னப்பா தெரியும்? அன்னிக்குப் போறப்போ நூரைன்தான் எழுதிக் கொடுத்துச்சு. 'இப்பவே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிடறேம்மா'ன்னேன். 'வேணாம் சார், தப்பு தன்னோடதுனு தெரிஞ்சா அண்ணா ஆடிப் போயிடுவாரு, ஒழுங்கா படிக்க மாட்டாரு. கிளம்பறப்போ சொல்லுங்க, அதுவரைக்கும் அழிச்சது நானாவே இருந்துட்டுப் போறேன்'னு சொல்லிடுச்சு."