ரோட்டு மட்டம்

"அந்த மூலை ஜாக்கியை மட்டும் கொஞ்சம் இறக்கினா போதும். சுவர் தானா வாயைப் பிளந்துடும்" என்றான் அண்ணன்.

தங்கை அவன் கையிலிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி மணல்மேல் எறிந்தாள். "அவசரப்படாதேண்ணா. நான் சொல்றவரைக்கும் பொறு."

நூற்று அறுபது ஜாக்கிகள் அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. உள்ளே வீட்டுக்காரர், நகராட்சியில் ரோடு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேலை முடியும்வரை வேறு எங்காவது இருங்கள் என்றதற்கு, "என் வீட்டை விட்டு நான் எதுக்குப் போகணும்?" என்று எரிந்து விழுந்தவர் அவர்.

அவர் பதவியிலிருந்த காலத்தில், பழைய ரோட்டின் தலைமேலேயே புது ரோடு போடுவதுதான் அந்தப் பகுதியில் வழக்கம். ரோடு உயர உயர வீடுகள் பள்ளத்துக்குப் போயின. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள் வந்துவிடும்.

நாலு தெரு தள்ளி இருந்த இவர்கள் வீடும் அப்படித்தான் பள்ளமானது. நாலு முறை மனுவோடு போய் அவர் மேஜை முன்னால் நின்றார்கள். "பள்ளத்துல வீட்டை வச்சுக்கிட்டு என் உசிரை ஏன் வாங்குறீங்க? முடிஞ்சா தூக்கிக் கட்டிக்குங்க" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

அடுத்த மழையில், இருவரும் வேலையிலிருந்து திரும்ப வழியில்லாமல் பாலத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம், தண்ணீர் கட்டிலுக்கு மேலே ஏறிவிட்டது. பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை.

அதன் பிறகு அண்ணன் வீடு தூக்கும் தொழிலுக்குப் போனான். தங்கை கட்டடக் கலை படித்து, தண்ணீர் தேங்கும் தெருக்களைத் திருத்தி அமைக்கும் வேலையில் சேர்ந்தாள். இன்ஜினியர் வீட்டுத் தெருவின் திட்டமும் இப்போது அவள் கையில்தான் இருந்தது. பதினோரு வருஷமாகியும் இருவருக்கும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அந்த ஆளே போன் செய்து, "என் வீட்டைத் தூக்கணும்ப்பா" என்றபோது அண்ணன் சந்தோஷத்தில் கூலிகூடப் பேசாமல் ஒத்துக்கொண்டான்.

குறட்டை நின்றது. இன்ஜினியர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இவர்கள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட கோப்பே நினைவில்லாத மனுஷனுக்கு முகமா நினைவிருக்கப் போகிறது!

"என்ன, அண்ணனும் தங்கச்சியும் மாநாடு போடுறீங்களா? வேலையைப் பாருங்கப்பா."

"எவ்வளவு தூக்கணும்னு கடைசியா ஒரு தடவை சொல்லிடுங்க சார்" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரோட்டுக்குச் சமமா வை. ரெண்டு முட்டியும் போச்சு. படியே இருக்கக் கூடாது. வாசலைத் தாண்டினா நேரா ரோட்டுல கால் வைக்கணும்."

"முன்னாடி இருக்கிற வராண்டாவை எடுத்துட்டா, பிற்பாடு தேவைப்பட்டா படி வைக்க இடம் இருக்கும் சார்" என்றாள் தங்கை.

"ரோட்டு ஓரம் வரைக்கும் ஆசை ஆசையா இழுத்துக் கட்டினதும்மா அது. ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது."

"தெருவுல வேற யாருமே வீட்டைத் தூக்கலையே சார்?"

"தூங்குமூஞ்சிங்க! உன்னோட தெருத் திட்டக் கூட்டத்துக்கு மட்டும் எல்லாம் ஓடுச்சுங்களாம். மரம் நடுறதையும் மழைக்குழி வெட்டுறதையும் உக்காந்து கேக்க எனக்கு வேற வேலை இல்லையா? சம்மதப் பேப்பர் வந்துச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"படிச்சீங்களா சார்?"

"முப்பது வருஷ சர்வீஸ்ல எதைம்மா படிச்சேன்? கையெழுத்துப் போடுற வேகத்துலதான் நான் பேர் வாங்கினவன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அப்பாவுக்காக இவர்கள் கொடுத்த மனுக்களும் இதே வேகத்தில்தான் குப்பைக்குப் போயிருக்கும்.

அவர் உள்ளே போனதும் அவள் அண்ணன் காதில் ஏதோ சொன்னாள். அவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு போய், மணலில் கிடந்த கம்பியைத் தானே எடுத்துவந்து மூலை ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஊது" என்றான், விசில் வைத்திருந்த ஆளிடம்.

ஒவ்வொரு விசிலுக்கும் எல்லா ஜாக்கிகளும் ஒரே நேரத்தில் கால் சுற்றுத் திரும்பின. அண்ணன் கையில் ரசமட்டத்தோடு, சாய்வு பார்த்தபடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். "என்ன மேஸ்திரி, மாமனார் வீடா?" என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். ஒன்பது நாளில் வீடு ரெண்டடி உயர்ந்தது, சுவரில் மயிரிழை விரிசல்கூட விழவில்லை. அடியில் கான்கிரீட் போட்டு இறுக்கி, ஒரு வாரம் கழித்து ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்கள்.

இன்ஜினியர் வாசலிலிருந்து ரோட்டில் கால் வைத்தார். திரும்ப உள்ளே போனார், திரும்ப வெளியே வந்தார். முட்டியைப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அடேயப்பா, நூல் பிடிச்ச மாதிரி இருக்கே! இது இனிமே இறங்கிடாதே?"

"இறங்காது சார். நீங்களே ஆசைப்பட்டாலும் இறக்க முடியாது" என்றான் அண்ணன்.

தெருமுனையில் ஒரு பொக்லைன் திரும்பி உள்ளே வந்தது. பின்னாலேயே நாலு லாரிகள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்ததுபோல வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

"எதுக்கும்மா இவ்வளவு பெரிய மெஷினு? மரம் நடவா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

தங்கை பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்ல சார். ரோட்டை மூணடி இறக்கப் போறோம்."