மூன்றாவது பழுது

தறியின் பெல்ட் தளர்ந்திருந்ததை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். குறுக்கு நூலோடு பாய்கிற கூர்முனை நாடாவை அடிக்கும் கட்டையில் தோல் வார் தேய்ந்திருந்ததைச் சொல்ல இன்னும் இரண்டு நிமிடம் ஆனது.

அதோடு கந்தனின் கெட்டிக்காரத்தனம் தீர்ந்துபோனது.

தறியில் மூன்று பழுது வைத்திருப்பதாகவும், அரை மணி நேரம் தருவதாகவும் சொல்லிவிட்டுக் கைலாசம் சார் நாற்காலியில் சாய்ந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டார். சேலத்துப் பயிற்சி நிலையத்தில் விசைத்தறி ஃபிட்டர் வகுப்புக்கு அவர்தான் வாத்தியார். முப்பது நாள் வகுப்பில் இன்று கடைசி நாள், இது கடைசிப் பரீட்சை. மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

குமாரபாளையத்தில் மருதாசலம் முதலாளியின் பட்டறையில் மொத்தமே எட்டுத் தறி. ஒன்று மக்கர் பண்ணினால் பாலத்தைத் தாண்டி பவானிக்கு ஆள் அனுப்பி ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும். அந்த மகராசன் அசைந்து வருவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். சின்னப் பட்டறைக்காரர்கள் ஆளுக்கொருத்தரை அனுப்பினால் சர்க்காரே பழக்கிக் கொடுக்கும் என்று தெரிந்ததும், மருதாசலம் கந்தனைத்தான் பஸ் ஏற்றினார்.

"பாஸ் பண்ணிப்போட்டு வா சாமி, அப்பறம் நம்ம பட்டறைக்கு நீதான் ஃபிட்டரு. பெயிலாயி வந்தீன்னா மறுபடியும் தறிதான், ஆமா."

அதனால்தான் கந்தன் இன்னும் தறியை விட்டு நகரவில்லை.

நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. இறுக்கமாக இருந்ததே சந்தேகமாக இருந்தது.

நூலை நெருக்கி அடிக்கும் அச்சைப் பார்த்தான், நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பார்த்தான், நாடா வந்து சேரும் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினான். மோட்டாரை முகர்ந்துகூடப் பார்த்தான். கருகின வாசனை இல்லை.

சுவிட்சைப் போட்டான். தறி ஓடியது. ஒரு சாண் துணி விழுந்ததும் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். ஓர் இழை பிசகவில்லை.

குனிந்து அச்சுக்கு முன்னால் கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டினான். எங்கேயும் இடிக்காமல் சுகமாகப் போய்வந்தது. அவன் பதினோரு வருடமாக ஓட்டுகிற தறியும் இப்படித்தான் இருக்கும்.

ஒருவேளை இரண்டே பழுதுதானோ? வாத்தியார் விளையாட்டுக் காட்டுகிறாரோ? இல்லை என்று சொல்லி, இருந்துவிட்டால் மானம் போகும். நன்றாக இருப்பதைக் கெட்டதென்று சொன்னால் அதைவிடக் கேவலம். முப்பது நாள் படித்தது மொத்தமும் தலைக்குள் சிக்கலாகிக் கிடந்தது. தறிக்கு எத்தனை கால் என்று எண்ணிப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டான் மனிதன்.

கைலாசம் பேப்பரை மடித்தார்.

"மூணாவது என்னாச்சு கந்தா?"

"தெரியலைங்க சார். தறி நல்லாத்தானுங்க இருக்குது. எங்க பட்டறைத் தறியாட்டமேதானுங்க இருக்குது."

"அதாம்ப்பா பழுது" என்று சிரித்தார் அவர். குமாரபாளையத்திலிருந்து வந்தவர்களில் ஒருத்தர்கூட இதுவரை இதைச் சொன்னதில்லையாம். இருந்தாலும் இரண்டு கண்டுபிடித்தால் பாஸ்தான் என்று சொல்லி, சர்டிபிகேட்டில் கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.

பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பியை எடுத்து வந்தார். மூன்று முழ நீளம், விரல் தடிமன், இரண்டு முனையும் வளைந்தது. அச்சுக்கு முன்னால் குறுக்காக வைத்து இரண்டு நட்டைப் போட்டு முறுக்கினார். ஓடுகிற நாடா துள்ளி வெளியே பறக்காமல் இது மறித்துக்கொள்ளும், இது இல்லாததுதான் மூன்றாவது பழுது என்றார்.

கந்தனுக்கு அந்தக் கம்பியைத் தெரியும். அவன் வீட்டில் ஒன்று இருக்கிறது.

எழுபத்தெட்டில் மருதாசலம் புதுத் தறிகளை இறக்கியபோது எட்டிலும் இந்தக் கம்பி இருந்தது. அறுந்த நூலைப் பிணைக்கக் கை நீட்டும்போதெல்லாம் இடித்தது. எதற்கு என்று சொல்லித்தர ஆள் இல்லை. அவரவர் கழற்றி மூலையில் போட்டார்கள். கந்தன் தன் தறியில் கழற்றிவிட்டு, பக்கத்துத் தறிக்கும் ஸ்பேனரோடு போனான். அதில் நின்றவள் அவன் மனைவி சின்னாயி. அவள் புறங்கை கன்றிச் சிவந்திருந்ததை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவளுடைய கம்பியை வீட்டுக்கு எடுத்துப் போய், சுவரில் இரண்டு ஆணி அடித்து, துணி போடுவதற்கு மாட்டிக் கொடுத்தான். சின்னாயிக்கு அன்று ரொம்ப சந்தோஷம்.

"சார், இதைத் திரும்ப மாட்டறதுக்கு எத்தனை நேரமாகுமுங்க?"

"பத்து நிமிசம். ரெண்டு நட்டுதானப்பா."

கந்தன் சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இதை என்ன செய்வது, எந்த முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோவது என்று ஒன்றும் புரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் சின்னாயியின் தறியிலிருந்து பறந்த நாடா அவளுடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. தறியில் நின்றுகொண்டு தூங்கினாயா என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவளைப் பார்த்துக் கத்தினான். அப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் அப்படியேதான் சொல்லி வருகிறான்.

அவளும் கண்ணுக்குக் கட்டுப் போட்ட டாக்டரிடம் அதையேதான் சொன்னாள்.

"ஆமாங்க, நாந்தானுங்க அசந்துபோயிட்டேன்."