ஏழாம் எண் தகடு

"எபோண்ணே, கெங்கேயும் மீனும் ஆறிடும், வாங்க. இந்தத் தடவ நீங்க பாஸுதான்!" என்றாள் அராபா.

"எனக்குப் பசிக்கல. நீ போ புள்ள."

தக்கோராடி துறைமுகத்து வெல்டிங் பயிற்சிக்கூடத்தில் எபோவுக்கு இது மூன்றாவது தேர்வு, கடைசி வாய்ப்பும்கூட. பற்றவைத்த தகட்டை எந்திரத்தில் வளைப்பார்கள். விரிசல் விட்டால் தோல்வி. தன் தகட்டுக்குள் கசடு சிக்கியிருப்பது அவனுக்கே தெரியும். பக்கத்து மேசை அராபாவின் வேலையில் குறையே இருக்காது.

தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு எல்லாத் தகடும் ஒன்றுபோலத்தான். சாக்பீஸில் எழுதிய எண்தான் அடையாளம். அவன் எண் ஏழு, அவள் எண் எட்டு. கூடம் காலியானதும் எச்சில் தொட்டு இரண்டையும் அழித்து, மாற்றி எழுதினான்.

'சின்னப் பொண்ணுதானே, அடுத்த வருசம் பாத்துக்குவா.'

சாப்பாடு முடிந்ததும் எந்திரம் ஓடியது. எட்டாம் தகடு அழகாக வளைந்தது. ஏழாம் தகடு நடுவில் பிளந்தது.

எபோவுக்கு ஒன்றும் புரியவில்லை. அராபா அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே! உங்களுக்கு இதுதான் கடைசி, எனக்கு அடுத்த வருசம் இருக்கேன்னு, சாப்பிடப் போறதுக்கு முன்னாடியே ரெண்டு நம்பரையும் மாத்தி எழுதிட்டேன். உங்க தகடு நல்லாத்தான் இருந்திருக்கு. என் மட்டமான வேலையால உங்க பொழப்பைக் கெடுத்துட்டேனே!"

எபோ சாக்பீஸ் தூள் ஒட்டிய விரல்களை மடக்கி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.