சிவப்புக் கை

கோடையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்திலிருந்து ஊரார் ஆடுகள் எல்லாவற்றையும் இறக்கிப் பட்டியில் அடைப்போம். முதுகிலுள்ள சாயக்குறியைப் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்துக்கொள்வோம். எங்கள் குறி நீலக் கோடு. வருஷா வருஷம் ஒரு செம்மறி மட்டும் மிஞ்சும். அதன் முதுகில் சிவப்பாக ஒரு கை பதிந்திருக்கும். அந்தக் குறி இங்கே யாருக்கும் கிடையாது. திறந்துவிட்டால் நேராக மேலேயுள்ள ஆதிகாலப் புதைமேட்டுக்குப் போய்விடும்.

இந்த வருஷம் அது மிஞ்சியதும் என் கணவர் வில்ஃப் நீலச் சாயத்தை எடுத்தார்.

“அடுத்தவங்க ஆட்டுல குறி போடாதீங்க,” என்றேன்.

“யாருடி அடுத்தவன்? மேட்டுக்குள்ள படுத்திருக்கறவனா? வந்து கேக்கட்டும்,” என்று சிரித்தபடி கோடு இழுத்தார்.

மறுநாள் காலை அவர் குளிக்கச் சட்டையைக் கழற்றியபோது, முதுகில் சிவப்பாக ஒரு கை பதிந்திருந்தது. தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

“என்னடி அங்க?”

“ஒண்ணுமில்ல, சாயம்.”

தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தார். எங்கள் மந்தை நாய் மெக், ஆட்டை ஓட்டுவதுபோல் வயிறு தரையில் உரச அவர் பின்னால் பதுங்கியது. அவர் திரும்பிய பக்கமெல்லாம் போய் மறித்தது.

“ஏய், என்னைய ஆடுன்னு நெனச்சிட்டியா?”

புதைமேட்டுப் பக்கமிருந்து மேய்ப்பன் நாயை ஏவுவதுபோல் ஒரு விசில் கேட்டது. மெக் இன்னும் நெருங்கியது. வில்ஃப் தலையைக் குனிந்துகொண்டு மேலே நடக்கத் தொடங்கினார்.