வெளிப்பூச்சுக்கு மட்டும்

இளவழகன் மூன்று ஸ்டிக்கர்களை மேஜைமேல் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு ஓமத் தைலம் விட்டான்.

பத்து நிமிடம் ஊறட்டும் என்று போனில் மணி பார்த்துக்கொண்டான்.

எதிரே நாற்காலியின் நுனியில் விக்ரமன் உட்கார்ந்திருந்தார். செஞ்சிக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் குடும்பம். ஓமத் தைலமும் ஓமவாட்டரும் அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு. ஒன்று மூட்டுவலிக்குத் தேய்ப்பது, மற்றது குழந்தைகளுக்கு வயிறு வலித்தால் புகட்டுவது. இரண்டுக்கும் ஒரே பாட்டில், ஒரே மஞ்சள் லேபிள், எழுத்து மட்டும் வேறு. வாசனையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே பாட்டிலாக மொத்தமாய் வாங்கினால் மலிவு என்று அவர் அப்பா காலத்தில் செய்த ஏற்பாடு அது.

நாளை மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்தில் விற்க நாலாயிரம் பாட்டில் தைலம் தயாராக நிற்கிறது. லேபிள்தான் பாக்கி. மனிதர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இளவழகனுக்கு அவசரம் எதுவும் ஏறவில்லை.

அவன் குழந்தையின் காரியம் முடிந்து பிரிண்டிங் கடையை மறுபடி திறந்து பதினோரு நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவனுக்கு எதுவுமே உறைப்பதில்லை. போன வாரம் மெஷினின் சூட்டு உருளையில் விரல் பட்டுக் கொப்புளித்தபோது, யாருடைய விரலோ என்று பார்த்துக்கொண்டு நின்றான். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவனுக்குப் பின்னால் கட்டிங் மேஜையில் அவன் மனைவி மகாலட்சுமி கல்யாணக் கவர்களை மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளும் தினம் கூடவே வந்துவிடுகிறாள்.

ஒன்றேகால் வயது அனுவைப் போன அமாவாசைக்கு மேல்மலையனூருக்குத் தூக்கிப் போனவள் அவள்தான். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். மறுநாள் மத்தியானம் குழந்தைக்கு வலிப்பு வந்தது, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. வெயில்தான் காரணம் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் விடாமல் எல்லோரிடமும், தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுதாள்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. இளவழகனும் பேசவில்லை.

பத்து நிமிடம் ஆனது.

முதல் ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தான். மஞ்சளும் சிவப்பும் விரலோடு வந்துவிட்டன. பெயர் போய்விட்டது. கீழே சிவப்பில் இருந்த ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்ற வரியும் போய்விட்டது. டோனர் என்பது சூட்டில் உருகிக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பொடி. தைலத்தில் இருக்கும் கற்பூரமும் டர்பன்டைனும் அதை மறுபடி இளக்கிவிடும்.

வார்னிஷ் பூசிய இரண்டாவது ஸ்டிக்கர் பாதி தேறியது. மிச்சமிருந்த துண்டு லேமினேஷன் பிலிம் ஒட்டிய மூன்றாவது அப்படியே இருந்தது. நாலு தரம் துடைத்தும் ஒரு புள்ளிகூட வரவில்லை.

போன முறை மேல்பூச்சு எதுவும் இல்லாமல் அடித்தபோதும் அவன் சோதித்துத்தான் கொடுத்தான். நகத்தால் சுரண்டினான், செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்தான், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டான். எல்லாவற்றிலும் பாஸ். பளபளப்பைப் பார்த்து விக்ரமன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பாட்டிலுக்குள் இருக்கிற சரக்கிலேயே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமே என்று அந்த இரண்டு கெட்டிக்காரர்களுக்கும் தோன்றவில்லை.

லேமினேஷன் போட்டே ஆக வேண்டும் என்று இளவழகன் சொன்னான். பிலிம் ரோல் புதுச்சேரியிலும் இருப்பில்லை, வந்து சேர நாலைந்து நாள் ஆகும். அமாவாசை தாண்டிவிடும்.

விக்ரமன் எழுந்து நின்றுவிட்டார்.

“வாங்குறவன் லேபிளையா படிக்கிறான்? போன தபா நாலாயிரம் அடிச்சியே, ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சா? வந்திருந்தா சொல்லு, இந்த அமாவாசையே வேணாம்னு விட்டுர்றேன். இல்லேன்னா திண்டிவனத்துல குடுத்து இன்னிக்கே அடிச்சிக்கிறேன்.”

நியாயமான கேள்விதான். அவர் கடைக்கு ஒரு கம்ப்ளெயின்டும் வரவில்லை.

அவர் பைக் சாவியை எடுத்தார். திண்டிவனம் போனால் இதே டோனரில் இன்று சாயங்காலத்துக்குள் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். நாலாயிரம் பாட்டிலும் நாலாயிரம் வீட்டு அலமாரிகளுக்குப் போய்ச் சேரும். காரணம் சொல்லாமல் இவரை நிறுத்த முடியாது. சொன்னால் நாலடி தள்ளி இருப்பவள் காதிலும் விழும்.

விக்ரமன் வாசல்படியில் கால் வைத்துவிட்டார்.

“ஒண்ணு இருக்குது சார். சாம்பிளுக்குன்னு குடுத்தீங்களே ரெண்டு பாட்டில், அதுல ஓமவாட்டரு சீல் ஒடைக்காம அப்படியே வீட்ல இருக்குது. இன்னொண்ணுல எழுத்தே இல்ல. அன்னிக்கு அனு வயித்து வலின்னு அழுதப்போ, ஓமவாட்டருன்னு நெனச்சு நான் அதைத்தான் எடுத்துப் பொகட்டிட்டேன்.”

கொட்டேஷன் சொல்கிற குரலில்தான் சொன்னான்.

சொன்னது விக்ரமனிடம். முகம் கட்டிங் மேஜைப் பக்கம் திரும்பியிருந்தது.