ஆடாத ஆட்டக்காரர்

“ஒரே ஒரு ஆளுக்காக மத்த எல்லாரையும் காக்க வைக்கச் சொல்றியா, கம்ஷாத்?”

ஒல்ஜாஸ் கத்தியதில் கீழ்த்தளத்துப் பல் டாக்டர்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார். கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் அவருடைய கிளினிக்குக்கு மேல்மாடியில்தான் இவர்கள் அலுவலகம். அலுவலகம் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு மேசை, நாலு கம்ப்யூட்டர், எப்போதும் ஆறிப்போன தேநீர். ஓநாய்களிடமிருந்து குதிரைகளைக் காப்பாற்றும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை அங்கே உட்கார்ந்துதான் இந்தக் கல்லூரித் தோழர்கள் இருவரும் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு ஆள்னாலும் ஆள்தானே? நீ கேக்குற புது கிராபிக்ஸைப் போட்டா, பழைய மெஷின்ல விளையாட்டு திறக்கவே திறக்காது” என்றாள் கம்ஷாத்.

“மெஷினை மாத்தட்டும்.”

“லேசா சொல்லிட்டே! இன்னிக்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு விலைக்கு ஒரு குதிரையே வாங்கலாம். குதிரையாவது குட்டி போடும். கார்டு ரெண்டே வருஷத்துல ‘பத்தாது, அடுத்தது வாங்கு’ங்கும்.”

ஒல்ஜாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்டு வாங்குவதற்காகக் காரை விற்றுவிட்டு பஸ்ஸில் வருகிறவன் அவன்.

“மத்தவங்க கடன உடன வாங்கி மாத்திக்கிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் பாக்கி. யாரு, எந்த ஊருன்னு தெரியல. ஆனா தினமும் தவறாம வர்றாருன்னு நம்ம சர்வர் பதிவு காட்டுது” என்றாள் கம்ஷாத்.

“வந்து என்னத்தைக் கிழிக்கிறாரு? திறக்கிறாரு, ரெண்டு நிமிஷத்துல மூடிட்டுப் போறாரு. ஒரு ஓநாயைக்கூட விரட்டினதில்ல. குதிரையை ஒரு அடி நகத்தினதில்ல. இவரெல்லாம் ஒரு ஆட்டக்காரரா?”

“மெஷின் இழுக்கலையோ என்னவோ, பாவம்.”

“பாவம் பாக்குறதுக்கு நாம என்ன தர்மசத்திரமா நடத்துறோம்?”

சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் அடங்கினான்.

“உனக்குத் தெரியாததில்ல, கம்ஷாத். எண்ணெய்க் கம்பெனி வேலையை விட்டுட்டு நான் பொம்மை செஞ்சிட்டிருக்கேன்னு எங்கப்பாவுக்கு இன்னும் கோபம். விளையாட்டுன்னு பேச்சை எடுத்தாலே தொழுவத்துக்கு எழுந்து போயிடுவாரு. வெளிநாட்டு விளையாட்டு மாதிரி இதுவும் பளபளன்னு வரணும். டிவியில காட்டணும். ‘இது என் மகன் செஞ்சது’ன்னு அவர் ஒரு தடவையாவது சொல்லணும். இந்தப் பழைய படத்தை வச்சுக்கிட்டு அது நடக்குமா?”

கம்ஷாத் பழைய கம்ப்யூட்டர்களுக்கான பகுதியை அரை மனதோடு நீக்கினாள். வியாழக்கிழமை புதுப் பதிப்பு வெளியானது.

நன்றாகவே வந்திருந்தது. காற்றில் புல் ஒவ்வொன்றாக அசைந்தது. ஓநாயின் மூச்சு பனியில் புகைந்தது. சனிக்கிழமைக்குள் பாராட்டுகள் வந்து குவிந்தன. ஒரு தொலைக்காட்சிக்காரர் பேட்டிக்கு நேரம் கேட்டார். ஒல்ஜாஸ் கடைக்குப் போய்ப் பெரிய கேக்காக ஒன்று வாங்கி வந்தான்.

“அந்த ஆள் அதுக்கப்புறம் வரவே இல்ல” என்றாள் கம்ஷாத், கேக்கைத் தொடாமல்.

“விடும்மா. நல்ல நாளும் அதுவுமா.”

அப்போதுதான் கிராமத்திலிருந்து அவன் அம்மா போன் செய்தாள்.

“என் குட்டிக்குதிரை, நல்லா இருக்கியா? உன் விளையாட்டுக்கு என்னடா ஆச்சு? ரெண்டு நாளா திறக்க மாட்டேங்குதாமே?”

“யாருக்கும்மா திறக்கல?”

“வேற யாருக்கு, உங்கப்பாவுக்குத்தான். நீ காலேஜ்ல வச்சிருந்தியே, அந்தப் பழைய பொட்டிய தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு உம்முன்னு உக்காந்திருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிடாத. விளையாடவெல்லாம் அவருக்குத் தெரியாதுடா. ஆரம்பத்துல எழுத்து வருமில்ல, ‘உருவாக்கியவர்: செய்த்கலி மகன் ஒல்ஜாஸ்’னு, தினமும் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிட்டு, அணைச்சிட்டுப் போயிடுவாரு.”